நுரைப்பலகையில் ஒரு சிறு விமானம்

துர்க்கா பூஜை நாட்களில் பந்தல் பந்தலாகச் சுற்றிவரும் நம் வீட்டுக் குழந்தைகள், தேவியின் மகுடத்தையும் ஆபரணங்களையும் கண்டு, "இவை தந்தமா?" என்று கேட்பதுண்டு. தந்தம் அன்று, நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டினுள் உள்ள வெண்ணிறச் சோற்றைச் சீவிச் செய்த வேலைப்பாடு. வங்காளியர் அதனைச் சோலா என்பர். தஞ்சைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்தினர்க்கு அது புதுப்பொருள் அன்று. நம் ஊரில் அதன் பெயர் நெட்டி. நெட்டியிற் செய்த பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் போற்றும் வீடுகள் இந்தக் கொல்கத்தாவிலும் சில உண்டு. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத அதன் நொய்ம்மையைக் கண்டு வியவாதார் இல்லை.

இப்பொழுது பல பந்தல்களில் சோலாவின் இடத்தைத் தெர்மாகோல் பிடித்துக்கொண்டுவிட்டது. அது குறித்து வருந்துவோர் கட்சியிலேயே நாமும் இருக்கிறோம். ஆயினும் தெர்மாகோலுக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த நுரைப்பலகைகளுக்கும் நல்ல பயன் ஒன்று உண்டு என்பதை, நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக் குழந்தைகளோடு சேர்ந்து நாங்கள் சென்ற மார்கழியிலும் தையிலும் கண்டறிந்தோம். மிகுந்த செலவின்றி, வீட்டு மேசையின்மேல் வைத்தே, ரேடியோ அலையால் இயக்கக்கூடிய சிறு விமானம் ஒன்றை அதனாற் செய்துவிடலாம். செய்து பறக்கவிட்டோம் என்று கூறுமுன், செய்து கெடுத்த கதையையும் மறைக்காமற் சொல்லிவிடுவதே முறை.

வகுப்பு முடிந்ததும் மொட்டைமாடியில் காகித அம்பு விட்டு விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள், உண்மையான விமானம் செய்ய வேண்டுமென்று கேட்டார்கள். பெரியவர்களாகிய நாங்கள் நால்வர் பொறுப்பேற்றோம். குழந்தைகள் ஆசையாய்ப் பறக்கவிடும் பொருள் கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாதே என்ற கவலை ஒன்றே எங்களை ஆட்டிவைத்தது. ஆகவே உடற்பகுதிக்கு விளம்பரப் பலகை எழுதுவோர் பயன்படுத்தும் சன் போர்டை வாங்கினோம். இறக்கைக்குக் குறுக்கே மர அளவுகோல் ஒன்றைப் பதித்தோம். சந்துகளிலெல்லாம் சூட்டுப் பசையை வாரி இறைத்தோம். காகிதம் ஒட்டி, அதன்மேல் இருமுறை எனாமல் வர்ணம் பூசினோம். நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் இறக்கையில் 'கருடன்' என்று அழகாக எழுதினான். கையால் தட்டினால் கதவைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாருய்ப்பூருக்கு அப்பால், அறுவடையான நெல்வயல் ஒன்றில் அதனைப் பறக்கவிட்டோம். பறந்தது என்று சொல்வது மிகை. கையிலிருந்து விட்டதும் முன்னோக்கி விரைந்தது, இடப்பக்கம் சாய்ந்தது, கருவியைப் பிடித்திருந்த அன்பர் எந்தப் பக்கம் திருப்புவது என்று எண்ணி முடிக்குமுன் வரப்பில் மோதி மூன்று துண்டாயிற்று. எல்லாம் நான்கு வினாடி. திரும்பும் ரயிலில் அச்சிறுவன் 'கருடன்' என்ற எழுத்துள்ள துண்டை மடிமீது வைத்துக்கொண்டு பாலிகஞ்ச் வரும்வரை வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வகுப்புக்கே வரவில்லை. "அவனுக்கு எங்கும் வர மனமில்லையாம்" என்று அவன் தாயார் தெரிவித்தார்கள். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாம், குழந்தைகளைத் தமிழ் வகுப்புக்கு வரவழைக்கப் படும் பாட்டை இதழ் வாசகர்கள் அறிவார்கள். வந்துகொண்டிருந்த பிள்ளையை ஒரு விமானத்தால் இழந்துவிட்டோமே என்று எங்களுக்கு உறுத்தியது.

தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் எங்களுள் இருக்கிறார். உடைந்த துண்டுகளை அவர் தம் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். பாட்டரியோடு சேர்த்து 710 கிராம். "இது கருடன் அல்ல, பார்சல்" என்றார். அதன்பின்னரே, செய்யத் தொடங்குமுன் படித்திருக்க வேண்டியவற்றை நாங்கள் படிக்கலானோம்.

விமானம் தாழாமற் பறப்பதற்கு ஒரு குறைந்த அளவு வேகம் வேண்டும். அந்த வேகத்திற்குக் கீழே போனால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். இவ்வேகம் எவ்வளவு என்பதை, இறக்கையின் பரப்பின்மீது எவ்வளவு எடை சுமத்தப்பட்டிருக்கிறது என்பது முடிவு செய்கிறது. 1 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கையில் 350 கிராம் சுமத்தினால், அக்குறைந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். சற்று விரைந்து செல்லும் சைக்கிளின் வேகம். அதே இறக்கையில் 700 கிராம் சுமத்தினால் 27 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. கணக்கில் இவை சிறு எண்கள். கையில் கருவியைப் பிடித்தவனுக்கு அப்படியன்று. 50 மீட்டர் வயலைக் கடக்க முன்னது ஒன்பது வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பின்னது ஏழு வினாடிக்குள் கடந்துவிடும். கற்றுக்குட்டிக்கு வேண்டியது அந்த இரண்டரை வினாடிதான்.

மோதலின் கணக்கு இன்னும் கொடியது. எடை இரட்டித்தால், அக்குறைந்த வேகத்திலேயே மோதினாலும் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எடையும் இரட்டிக்கிறது, வேகத்தின் வர்க்கமும் இரட்டிக்கிறது அல்லவா? ஆக, உடையக் கூடாது என்று நாங்கள் சேர்த்த ஒவ்வொரு பொருளும் அதனை உடைப்பதற்கே உதவியிருக்கிறது. நொய்யதாய் இருப்பது மெல்ல விழும். மெல்ல விழுவது பிழைக்கும்.

இதே பாடத்தை ரைட் சகோதரர்கள் சிறுவயதிலேயே கற்றார்கள் என்று அறிந்து சற்று ஆறுதல் கொண்டோம். 1878-ஆம் ஆண்டில் அவர்களுடைய தந்தையார் மில்டன் ரைட் ஒரு பொம்மை வாங்கிவந்தார். தக்கை, மூங்கில், காகிதம் இவற்றாற் செய்து, முறுக்கிய ரப்பரால் இயங்குவது. பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் பெனோ என்பவருடைய அமைப்பைத் தழுவியது. வில்பருக்கு அப்பொழுது வயது 11, ஆர்விலுக்கு 7. பொம்மை உடைந்ததும் அவர்களே வேறு செய்தார்கள். செய்தது பறந்தது. இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகப் பெரிதாகப் பறப்பது குறைந்தது. நீள அகலங்களை இரட்டித்தால் அதனைத் தூக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது பிற்காலத்தில்தான் அவர்களுக்கு விளங்கிற்று. அவர்கள் சிறுவர்கள், நாங்கள் நரை கண்டவர்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

இரண்டாம் விமானத்திற்கு ஒரே விதி வைத்தோம்: தராசில் ஏறாத பொருள் விமானத்தில் ஏறக் கூடாது. பெரியவர்கள் செய்வதும் குழந்தைகள் வர்ணம் அடிப்பதும் என்ற பழைய ஏற்பாட்டையும் கைவிட்டோம். வராமல் நின்ற சிறுவனுக்கு, 'எடைக் கணக்கர் தேவை' என்று சொல்லி அனுப்பினோம். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றுடன் வந்து சேர்ந்தான். அதன்பின் அவன் அனுமதியின்றி ஒரு துளிப் பசைகூட வைக்க முடியவில்லை.

நுரைப்பலகையில் பல வகை. பொட்டலங்களுக்குள் வரும் பருமணித் தெர்மாகோல் மிக நொய்யது. ஆனால் மணிமணியாக உதிரும். பள்ளிக் கைவேலைக்கு எழுதுபொருட் கடையில் விற்கும், இருபுறமும் காகிதம் ஒட்டிய நுரைப்பலகை உறுதியானது. காகிதத்தின் எடையும் உடன் வரும். சன் போர்டோ பி.வி.சி. வகை, நுரை என்று பெயரே தவிர, அதே அளவுள்ள மற்றவற்றைப் போலப் பல மடங்கு கனம். எங்களுக்குப் பொருந்தியது, மணியே தெரியாத நெருக்கமான பாலிஸ்டைரீன் நுரைப்பலகை. பொழுதுபோக்கு விமானச் சாமான் விற்போர் டெப்ரான் என்பார்கள். 6 மில்லிமீட்டர் கனத்தில், 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள துண்டு 100 கிராம் அளவே இருக்கும். இரண்டு துண்டு தாராளமாகப் போதும். அதன் விலை, ஒரு குடும்பம் ஓட்டலில் மாலைச் சிற்றுண்டி அருந்தும் செலவுக்குள் அடங்கிவிட்டது. வாங்கும் இடத்திலேயே நிறுத்துப் பார்ப்பது நன்று; கடைக்காரர் விநோதமாகப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இறக்கைக்கு 50-க்கு 20 சென்டிமீட்டரில் இரண்டு பலகை. ஒவ்வொன்றின் மேற்புறத்திலும், முன்விளிம்பிலிருந்து பாதி அகலம் வரை, 10 சென்டிமீட்டர் அகலத்தில் இன்னொரு பட்டையை ஒட்ட வேண்டும். பக்கவாட்டிற் பார்த்தால் நடுவில் ஒரு படிக்கட்டு இருப்பதுபோல் தோன்றும். இறக்கை என்றால் வழுவழுப்பாய் வளைந்திருக்க வேண்டாவா என்ற ஐயம் எழலாம். எங்களுக்கும் எழுந்தது. ரிச்சர்ட் கிளைன் என்ற அமெரிக்கர் காகித விமானம் மடித்து விளையாடுகையிற் கண்ட அமைப்பு இது. அவரும் பிளாயிட் ஃபோகிள்மன் என்பவரும் 1972-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பெரிய விமானங்களில் இது இடம்பெறவில்லை. ஆனால் நுரைப்பலகையிற் செய்யும் சிறு விமானத்திற்கு, வளைக்கும் தொல்லையின்றி உறுதியும் தூக்கமும் தருவதால் பொழுதுபோக்காளர்களிடையே நிலைத்துவிட்டது. முன்விளிம்பை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிட்டோம்.

அடிப்புறத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் கீறி, மூங்கில் சிம்பு ஒன்றை அதனுள் அழுத்தினோம். பட்டம் செய்யும் கடைகள் மிகுந்த இந்நகரில் நல்ல மூங்கில் சிம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு பாட்டியார், தென்னை விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவிக் கொடுத்து, அதையும் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வாலுக்கு அது மிகப் பொருத்தமாய் அமைந்தது; சிம்பைவிட எடையும் குறைவு என்று கணக்கர் தீர்ப்பளித்தார்.

இரு பாதிகளையும் தட்டையாகச் சேர்த்துவிடலாகாது. ஒரு பாதியை மேசையில் படிய வைத்து, மற்றதன் நுனியை 12 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தி, அந்நிலையிலேயே ஒட்ட வேண்டும். விமானம் நேராக இருக்கையில் இரு நுனிகளும் 6 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்து, கழுகு மிதக்கும்போது காண்பதுபோல் இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால், தாழ்ந்த இறக்கை கூடுதலாகத் தாங்கப்பெற்று விமானம் தானே நிமிரும். நாம் மேலே சொன்ன பெனோ 1871-இலேயே பாரிஸ் நகரத் தோட்டம் ஒன்றில், இவ்வாறு நுனி உயர்த்திய இறக்கையும் பின்வாலும் கொண்ட ரப்பர் விமானத்தை, ஓட்டுவார் எவருமின்றி நிலையாகப் பறக்கவைத்துக் காட்டினார். கற்றுக்கொள்பவர் கை தடுமாறும்போது விமானம் தடுமாறாமல் இருப்பதற்கு இதைவிட மலிவான உபாயம் இல்லை. மூட்டினுள் ஐஸ்கிரீம் குச்சி இரண்டை அக்கோணத்திற்கு ஏற்ப வைத்து ஒட்டி, மேலும் கீழும் நாடாவால் சுற்றினோம்.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நொடியில் ஒட்டும் சாதாரணப் பசையும், பெட்ரோல் வாடை வீசும் ரப்பர்ப் பசையும் இவ்வகை நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஸ்பிரே வர்ணமும் அப்படியே. நுரைக்கென்றே விற்கும் பசை கிடைத்தால் நன்று. இல்லையேல் குறைந்த சூட்டில் வைத்த சூட்டுப் பசையைக் கோடுபோல் மெல்லத் தடவினாற் போதும். வெட்டுவதற்குப் புதிய அலகு வேண்டும். மழுங்கியது நுரையைப் பிய்க்கும், விரலையும் பதம் பார்க்கும்.

உடற்பகுதி 75 சென்டிமீட்டர் நீளத்தில், முன்புறம் அகன்று பின்புறம் குறுகிய ஒரு பெட்டி, அதிகம் சொல்வதற்கில்லை. கிடைவால் 40-க்கு 10 சென்டிமீட்டர். அதாவது இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதன்மேல் ஒரு செங்குத்து வால். இரண்டின் பின்பகுதியையும் அறுத்து, ஒளி ஊடுருவும் நாடாவையே கீலாக ஒட்டிவிட்டால், கிடைவாலில் உள்ளது மேலும் கீழும், செங்குத்து வாலில் உள்ள சுக்கான் வலமும் இடமும் அசையும். இறக்கையை உடலோடு ஒட்டக் கூடாது. குறுக்கே செருகிய மூங்கிற் குச்சிகளில் ரப்பர் வளையங்களால் கட்ட வேண்டும். மோதினால் வளையம் நழுவி இறக்கை கழன்று விழும், உடையாது. எங்கள் முதல் விமானத்தில் இதனை 'உறுதியாக' ஒட்டி வைத்திருந்தோம். இப்பகுதிகள் அனைத்திற்கும் வெட்டிய அட்டை அச்சுகள் சங்க நூலகத்துக் கீழ் அலமாரியில் இருக்கின்றன. வேண்டுவோர் படி எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாமான்களைச் சாந்தினிக் கடைகளில் விசாரித்தும், கிடைக்காதவற்றை அஞ்சலில் வருவித்தும் சேர்த்தோம். பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று, 50 கிராம். 1000 கேவி என்று குறித்திருக்கும். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, கடையில் இ.எஸ்.சி. என்று கேட்க வேண்டும், 25 கிராம். வாலை அசைக்கும் சர்வோ இரண்டும் சேர்ந்து 18. ரிசீவர் 12. மூன்று செல் கொண்ட 1000 மில்லி ஆம்பியர் மணி லிதியம் பாலிமர் பாட்டரி 90. புரொப்பெல்லர், கம்பி முதலியன 18. நுரை 108, பசை, சிம்பு, நாடா 32. ஆகமொத்தம் 353 கிராம் என்று நோட்டுப் புத்தகம் கூறுகிறது. புரொப்பெல்லர் 8 அங்குல விட்டமும் 4 அங்குலப் புரியும் உள்ளது. மோட்டாரோடு ரப்பர் வளையத்தாற் பிணைத்தால், தரையில் முட்டும்போது முறியாமல் விலகிக்கொடுக்கும். மோட்டார் அச்சைச் சிறிதளவு, இரண்டு மூன்று பாகை, கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் சாய்த்துப் பொருத்த வேண்டும். இல்லையேல் வேகம் கூட்டியதும் மூக்கு மேலே கிளம்பி இடப்பக்கம் இழுக்கும்.

செலவிற் பெரும்பகுதி கையிற் பிடிக்கும் ரேடியோ கருவிக்கும் சார்ஜருக்கும் போகிறது. அவை விமானம் உடைந்தாலும் உடையாதவை. எத்தனை விமானத்திற்கும் ஆகும். ஆகவே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்குவதே அறிவுடைமை. முழுதாகச் செய்த அயல்நாட்டு டிரோன்களின் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்தது. உதிரிபாகங்களுக்கு அத்தடை இல்லை. நாமே செய்வோர் பக்கம் காற்று வீசுகிறது எனலாம். இக்கருவிகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி ரேடியோ உரிமமும் வேண்டா.

பாட்டரி விஷயத்தில் மட்டும் சிக்கனமோ அலட்சியமோ கூடாது. அதற்குரிய சமன்செய்யும் சார்ஜரிலேயே ஏற்ற வேண்டும். நிறைந்தால் செல்லுக்கு 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரி கெட்டுவிடும். பயன்படுத்தாத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். மண்சட்டியிலோ ஓட்டின்மேலோ வைத்து, கண்ணெதிரே ஏற்றுக. இரவில் ஏற்றிவிட்டு உறங்கலாகாது. உப்பிய பாட்டரியை மறுபடி தொடவே வேண்டா. இன்னொன்று: மேசையில் வைத்துச் சோதிக்கும்போதெல்லாம் புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். சமையலறை மிக்ஸிக்குள் கைவிடாதவர்கள்கூட இதன் முன்னே விரலை நீட்டுகிறார்கள்.

எல்லாம் பொருத்தியபின், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டர் பின்னே, இருபுறமும் ஆள்காட்டி விரலால் தாங்கிப் பார்க்க வேண்டும். நேராகவோ, மூக்கு மயிரிழை தாழ்ந்தோ நிற்பது சரி. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. சரிசெய்வதற்கு ஈயக்கட்டி தேடாமல், பாட்டரியையே முன்னும் பின்னும் நகர்த்தினோம். கணக்கர் அதற்குமேல் ஒரு கிராம் அனுமதிக்கமாட்டார் அல்லவா?

எங்கே பறக்கவிடுவது என்பது நகரவாசிகளுக்குப் பெருங்கேள்வி. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டுவதில்லை. மஞ்சளில் வான்போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றி எதுவும் பறக்கலாகாது. டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் இவற்றைக் காணலாம். நம் விமானம் 250 கிராமைத் தாண்டுவதால் நானோ வகுப்பில் அடங்காது. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய மாதிரி விமானம் என்ற இனத்தில் வரும். அது கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். பதிவு முதலியவற்றிற்கு அன்றைய விதியைப் பார்த்துக்கொண்டே புறப்படுக. நம் வீடுகளுக்குப் பக்கத்திலுள்ள மைதானம் இராணுவத்தின் பொறுப்பில் உள்ள நிலம்; அங்கே எண்ணவும் வேண்டா. வடக்கே டம்டம், மேற்கே பேஹாலா என இரு விமானத்தளங்கள். ஆகவேதான் நாங்கள் தெற்கே ரயிலேறினோம். உழவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொண்டோம். அவர் மறுக்கவில்லை, தேநீரும் கொடுத்தார். விசுவகர்மா பூஜையை ஒட்டிய பட்ட நாட்களில் வானமெங்கும் மாஞ்சாக் கயிறு. அப்பொழுது நம் விமானம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பனி விலகி, காற்று எழுவதற்கு முன்னான காலை வேளையே உகந்தது. முதலில் மோட்டாரின்றி, தாள்கட்டை நிறைந்த வயலில், மார்பு உயரத்திலிருந்து சமமாக எறிந்து பார்த்தோம். பத்து மீட்டர் அளவுக்கு நேராக வழுக்கிச் சென்று இறங்கினால் பொருத்தம் சரி. மூக்கைத் தூக்கிப் பின் குப்புற வீழ்ந்தால் பாட்டரி முன்னே போக வேண்டும். அதன்பின் கையிலுள்ள கருவியை முதலில் உயிர்ப்பித்து, விமானத்தைப் பின்னர், நிறுத்தும்போது தலைகீழாக. அலை தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்திருக்கிறதா என்றும் சோதித்தோம். எவர் தலைக்கு மேலும் பறக்கலாகாது என்பதைக் குழந்தைகளிடம் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தோம்.

கற்பவரைத் திகைக்க வைப்பது ஒன்றே. விமானம் நம்மைவிட்டுப் போகும்போது வலம் வலம்தான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடுகிறது. நான்கு வினாடியில் எங்களைக் கவிழ்த்தது இதுவே. இதற்கு எளிய வழி: எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்து தோன்றுகிறதோ, அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளுக, முட்டுக் கொடுப்பதுபோல் அது நிமிரும். கணிப்பொறியில் பழகும் பயிற்சி விளையாட்டுகளும் உள்ளன. எங்களுள் ஒருவர் மூன்று வாரம் இரவு உணவுக்குப்பின் அதிலேயே பறந்துகொண்டிருந்தார். அவர் வீட்டார் கருத்தை இங்கே வெளியிடுவதற்கில்லை.

தை மாதத்து இரண்டாம் ஞாயிறு, அவரே விமானத்தைக் காற்றுக்கு எதிரே விட்டார். விரைவு இல்லை, சீற்றம் இல்லை. வழிதெரிந்த மாடு வீடு திரும்புவதுபோல் மெல்ல ஏறிற்று. தென்னை உயரத்திற்கு இருமடங்கு போனதும் பருந்து ஒன்று வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் இனம் இல்லை என்று தெரிந்து விலகிற்று. அப்பொழுது கருவி எடைக் கணக்கரின் கைக்கு மாறியது. முதல் திருப்பத்திற் சற்று அதிகமாகச் சாய்த்துவிட்டான். "விட்டுவிடு, கையை எடு" என்றார் பக்கத்தில் நின்றவர். எடுத்தான். இறக்கை தானாக நிமிர்ந்தது. இரண்டு முழு வட்டம் வந்தபின், ஆறாம் நிமிடத்து மணி ஒலித்ததால் மோட்டாரை நிறுத்தி வயலின் கோடியில் இறக்கினார்கள். ஈரமான இடத்தில் மூக்கை ஊன்றி நின்றது; இறக்கை வளையம் கழன்று ஓரடி தள்ளிக் கிடந்தது; முறிவு ஒன்றும் இல்லை.

எல்லாரும் கைதட்டிக்கொண்டு ஓடினோம். சிறுவன் ஓடவில்லை, பையிலிருந்து தராசை எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, அடியில் சேறு ஒட்டியிருக்கிறது. துடைப்பதற்கு முன் ஒருமுறை நிறுத்துவிடலாமா?" என்றான். 361 கிராம். 'சேறு 8' என்று எழுதிக்கொண்ட பிறகே துடைக்க விட்டான்.